முதுகுப்பைக்காரன்

தேவசகாயம் கப்பலிலிருந்து இறங்கிய நாள்முதல் யாரையும் நம்பவில்லை. ஏறுவதற்கு முன்பும் நம்பியவன் இல்லை என்பது வேறு விஷயம். அப்போது அவனிடம் திருடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, ஆகவே அவன் சந்தேகத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அவன் முதுகில் ஒரு பை இருந்தது. பைக்குள் விதை இருந்தது.

ஆறு வருஷம் நேட்டாலில் கூலியாக இருந்துவிட்டு, 1914ஆம் வருஷம் ஆடி மாதம் ஆம்பூருக்குத் திரும்பினான். நேட்டாலில் அவனுக்கு ஒரு வெள்ளைக்காரனின் மலைத்தோட்டத்தில் வாட்டில் என்கிற மரத்தில் பட்டை உரிக்கும் வேலை. அந்தப் பட்டையின் அருமை மற்றக் கூலிகளுக்குத் தெரியாது. ஆம்பூர்க்காரனுக்குத் தெரியாமல் போகுமா? நம் ஊர் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாற்பது நாள் ஊறவேண்டிய தோல், அதில் பத்துப் பன்னிரண்டு நாளில் பதமாகிவிடும். மரத்தடியில் உதிர்ந்து கிடந்த கறுப்பு விதைகளை நாளுக்கு ஒரு சிட்டிகையாக மடியில் முடிந்து சேர்த்தான். ஒப்பந்தம் முடிந்ததும், அந்தப் பட்டையிலேயே பதப்படுத்திய சிவந்த மாட்டுத்தோலில் ஒரு பை தைத்தான். சிப்பாய்கள் சுமப்பதுபோல இரண்டு தோளிலும் வார் மாட்டி முதுகில் ஏற்றிக்கொள்ளும் பை. அதைச் சுமந்துகொண்டு ஒன்பது நாள் தன்னந்தனியாக மலைகளைக் கடந்து துறைமுகத்துக்கு வந்தான்.

கடல் அவனை லேசில் விடவில்லை. ஐந்தாம் நாள் பிடித்த புயல் பத்தாம் நாள்தான் விட்டது. கீழ்த்தட்டில் இருந்த அத்தனை பேரும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்கள். ஆற்காட்டுப் பக்கத்து மனிதர் ஒருவர் எலுமிச்சங்காய் ஊறுகாயை அவன் நாக்கில் தடவி, "அந்தப் பைய கழட்டி வைப்பா, மூச்சாவது விடு" என்றார். பையைக் கழற்றச் சொல்கிறவனுக்கு வேறு என்ன எண்ணம் இருக்க முடியும்? தேவசகாயம் அன்றே தவழ்ந்து தவழ்ந்து கப்பலின் மறுகோடிக்குப் போய், பையோடு சேர்த்துத் தன்னை ஒரு தூணில் கட்டிக்கொண்டான். பாவம் அந்த மனிதர், சென்னையில் இறங்கும்போதுகூட இவனைத் தேடி வந்து கைகூப்பிவிட்டுப் போனார். இவன் பதிலுக்கு வாரை இறுக்கிக்கொண்டான்.

ஆம்பூரில் தோல் கிடங்கு வைத்திருந்த ஜியாவுதீன் சாகிபு விதையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"வெதைய எவன் வேணும்னாலும் கொண்டாருவான். மொளைச்ச செடி காட்டு. பத்து செடி போதும். பட்டை வேலைக்கெல்லாம் நீதான் மேஸ்திரி. இல்லேன்னா இருக்கவே இருக்கு, உங்கப்பன் நின்ன தொட்டி."

அப்பன் நின்ற தொட்டி சுண்ணாம்புத் தொட்டி. தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் முழங்கால் அளவு நின்று புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இருபது வருஷம் நின்ற அப்பனுக்குக் கடைசிக் காலத்தில் விரல்களில் தோலே இல்லை. சோற்றை அம்மாதான் உருட்டி ஊட்டினாள். தேவசகாயம் கடல் தாண்டியதே அந்தத் தொட்டிக்குப் பயந்துதான். பத்துச் செடி முளைத்தால் மனிதன், முளைக்காவிட்டால் தொட்டி. அவன் வாழ்க்கை அவ்வளவு சுருக்கமாகிவிட்டது.

விதை முளைக்கவில்லை. பாலாற்றங்கரையில் ஓரிடம், வாணியம்பாடிக்கு அப்பால் ஓரிடம், மலையடிவாரத்தில் ஓரிடம் என்று மூன்று இடத்தில் யாருக்கும் தெரியாமல் ஊன்றினான். தண்ணீர் ஊற்றினான். மறைந்து நின்று காவல் காத்தான். முதலில் எறும்பின் மேல் சந்தேகப்பட்டான், பிறகு மைனாவின் மேல், பிறகு ஆட்டுக்காரப் பெண்களின் மேல். சாகிபே ஆள் வைத்துத் தோண்டி எடுக்கிறாரோ என்றுகூட நினைத்தான். தோண்டிப் பார்த்தால் விதைகள் போட்டது போட்டபடி கல் மாதிரி கிடந்தன. சரி, மண் சூது செய்கிறது, மேட்டு நிலத்து மரம் மேட்டில்தான் முளைக்கும் என்று முடிவு கட்டி, மிச்சமிருந்த விதையைத் துணிப்பையில் போட்டு, துணிப்பையைத் தோல்பைக்குள் வைத்து, ஐப்பசி மழையில் ஜவ்வாது மலை ஏறினான்.

ஊர் உலகமும் அப்போது அவனைப்போலத்தான் இருந்தது. எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனியாக நடந்துபோகிறவன் எல்லாம் ஜெர்மன்காரனின் ஆள். இவனோ கடலிலிருந்து வந்தவன், முதுகில் விசித்திரமான சிவப்புப் பை, கேட்டால் பதில் சொல்லாத வாய். ஆலங்காயத்தில் ஒரு கடைக்காரன் இவனுக்குப் பொரி விற்க மறுத்தான். இவனும் அவன் கொடுத்திருந்தால் தின்றிருக்க மாட்டான்.

மூன்று நாள் காட்டுக்குள் நடந்தான். அட்டை கடித்தது, கரடி உறுமுவதைக் கேட்டு ஒரு பகல் முழுக்க மரத்தின் மேல் இருந்தான். மூன்றாம் நாள் பிற்பகல் மூங்கிலேரி என்ற ஊரின் எல்லைக்கு வந்தான். மூன்று கற்கள் நட்டிருந்தன. பக்கத்தில் அடுப்பு கூட்டிய கரி, அதன்மேல் கவிழ்த்துவைத்த பெரிய பானை. அங்கே ஊர்க் கவுண்டன் சடையன் கோவணமும் கம்பளியுமாக உட்கார்ந்து மூங்கில் சீவிக்கொண்டிருந்தான்.

"தோலு கீலு ஏதாச்சும் இருந்தா இங்கியே வையி" என்றான் சடையன், பெயர்கூடக் கேட்காமல். "செத்த மாட்டுத் தோலு ஊருக்குள்ள வந்தா எங்க மாட்டுக்கு நோவு வரும். வெந்நீ ஊத்திட்டுத்தான் உள்ள வுடுவோம். எங்க பாட்டன் காலத்துலருந்து அப்படித்தான்."

பை அப்போது இவன் போர்த்தியிருந்த கம்பளிக்குள் இருந்தது. தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. தோலாம், நோவாம். இந்த மாதிரிக் காரணங்களை அவன் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறான். கிணற்றுக்கு ஒரு காரணம், தெருவுக்கு ஒரு காரணம், மிஷன் பள்ளிக்கூடத்து முதல் பெஞ்சுக்கு ஒரு காரணம். தோல் வேலை செய்கிற சேரிக்காரன் என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? இல்லாவிட்டால், பையைக் கழற்றச் சொல்கிற பழைய தந்திரம்தான் இது.

"எங்கிட்ட இன்னா தோலு கீது?" என்றான். "கூன் முதுகு. மழைக்குப் போத்திக்கினு வர்றேன்."

சடையன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு எழுந்து, "வா, நனையாத" என்று முன்னே நடந்தான்.

சடையன் பெண்டாட்டி எல்லம்மா சாமைச் சோறும் கொள்ளுச் சாறும் போட்டாள். அவர்கள் இலைக்கு எதிரிலேயே அவனுக்கும் இலை விழுந்தது. எந்த ஊர் என்றதற்கு ஆம்பூர் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் பசியில் வாரி வாரித் தின்றான். தின்றபோதே யோசித்தான், இவ்வளவு உபசாரம் எதற்காக என்று. வீட்டின் பின்புறம் ஓலை போட்டு மூடிய ஒரு குவியலையும் பார்த்துவைத்துக்கொண்டான். தோல் கிடங்கில் வளர்ந்தவனுக்கு மணமே போதும். கொன்றைப்பட்டை, நாலு வண்டி தேறும். சர்க்காரின் காப்புக்காட்டில் திருட்டுத்தனமாக உரித்ததாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலையில் வேஷம் கலைந்தது. கலைத்தது ஒரு நாய். கம்பளியின் முனையைக் கவ்வி இழுத்தது, கூன் சிவப்பாக வெளியே தெரிந்தது. குழந்தைகள் கத்தின. ஐந்தே நிமிஷத்தில் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. தொழுவத்தில் இருந்த மாடுகளைப் பெண்கள் அவசரமாக மேட்டுப்பக்கம் ஓட்டினார்கள்.

சடையன் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. "சோறு தின்ன எடத்துல பொய் சொன்னியே. சரி போவட்டும். வெந்நீ ஊத்தினா தீந்துது. உள்ள இன்னா வெச்சினுகீற? எடுத்துக்கோ."

இங்கேதான் நம் ஆள் வாயைத் திறந்திருக்கவேண்டும். விதை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் சுற்றிலும் முப்பது நாற்பது கண்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னால் பிடுங்கிக்கொள்வார்கள், மலை இவர்களுடையது, மண் இவர்களுடையது, ஊன்றி இவர்களே பிழைத்துக்கொள்வார்கள் என்று அவன் புத்தி கணக்காக எடுத்துச் சொன்னது.

"ஒண்ணுமில்ல. என் துணிமணிதான். நனைஞ்சா நனைஞ்சுட்டு போவுது" என்றான்.

எல்லைக்கல்லுக்குக் கொண்டுபோய்ப் பையை வைத்தார்கள். அதற்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பானையில் தண்ணீர் தளதளவென்று கொதிப்பதைத் தேவசகாயம் அப்போதுதான் பார்த்தான். குளிக்கிற சூட்டில் ஊற்றுவார்கள் என்று நினைத்திருந்தான். இரண்டு பேர் பானையைத் தூக்கினார்கள். "வேணாம்! வெத! உள்ள வெத கீது!" என்று அவன் அலறியபோது பாதிப் பானை கவிழ்ந்துவிட்டது. தோல் கண்ணெதிரே சுருண்டு சுருங்கிக் கட்டியானது. பைக்குள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் ஆவியோடு வழிந்தது.

அவன் கையைச் சுட்டுக்கொண்டு துணிப்பையை வெளியே இழுத்தான். வேகவைத்த பயறு மாதிரி சூடாகக் கிடந்தன விதைகள். ஆறு வருஷம். ஒன்பது நாள் மலை. அந்தக் கடல். அவன் உட்கார்ந்து, வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

"வெதன்னு சொல்லியிருந்தா எடுத்து வெச்சுட்டு ஊத்தியிருப்போமே சாமி" என்றான் சடையன்.

"பறையன் வெதன்னா அதுக்கும் ஊத்தியிருப்பீங்க!" தேவசகாயம் எழுந்து விதையை அள்ளி, ஊர்க் குப்பைமேட்டில் வீசி எறிந்தான். "ஒரு துரை வந்தா ஊத்துவியா? ஒரு பெரிய கவுண்டன் செருப்போட வந்தா ஊத்துவியா?"

சடையன் ஏதோ பதில் சொன்னான். இவன் காதில் வாங்கவில்லை, சுருங்கிப்போன பையை அங்கேயே விட்டுவிட்டு மலை இறங்கினான்.

அடிவாரத்தில் காட்டிலாகா காவலன் கோதண்டபாணி அவனைப் பிடித்தான். காக்கிச்சட்டை, இடுப்பில் அகலமான பெல்ட், காலில் பூட்ஸ். பொரிக்கடைக்காரன் இவன் மலை ஏறிய அன்றே தகவல் கொடுத்திருந்தான்.

"எம்டன் ஆளாடா நீ? தனியா மலையில இன்னா வேல? எங்க அந்தப் பை?"

தேவசகாயம் ஆம்பூர், தோல் கிடங்கு, சாகிபு பெயர் எல்லாம் சொன்னான். கோதண்டபாணி நம்பவில்லை. திருப்பத்தூருக்குக் கொண்டுபோய் அடைக்கிறேன் என்றான். அப்போது இவனுக்குள் பயமும் ஆத்திரமும் ஒன்றாகக் கொதித்தன. எது அதிகம் என்று கேட்டால் அவனாலேயே சொல்ல முடியாது.

"என்ன புடிக்கிறியே, மூங்கிலேரி சடையன் வீட்டாண்ட நாலு வண்டி கொன்னம்பட்டை கீது. காப்புக்காட்டுப் பட்டை. அதப் போய் புடி" என்றான்.

காவலன் முகம் மலர்ந்தது. "போடா போ" என்று இவனை விட்டுவிட்டான்.

தேவசகாயம் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினான். சாகிபு ஒரு வார்த்தை கிண்டலாகப் பேசவில்லை. அதிலும் ஏதோ உள்நோக்கம் இருப்பதாக இவனுக்குப் பட்டது. இரண்டாம் வாரமே விரல் இடுக்குகள் வெடித்தன. சடையன் பெயர் மனசில் வரும்போதெல்லாம் தோலை ஓங்கிப் புரட்டினான்.

கார்த்திகைக் கடைசியில் கோதண்டபாணி தோல் கிடங்குக்கே வந்தான். புது பெல்ட்டுக்குத் தோல் வேண்டுமாம். பழையதைக் கையில் பிடித்திருந்தான். காய்ந்த பாகற்காய் மாதிரி சுருண்டிருந்தது.

"உன் மூங்கிலேரிக்காரனுங்க பண்ண வேல! மழை வுட்டதும் நாலு பேரோட ஏறினேன். அந்தக் கெழட்டுக் கவுண்டன், 'புடிக்க வந்தா புடிச்சினு போ, எல்லைக்கல்லுல பெல்ட்டையும் பூட்ஸையும் குடுத்துட்டு வா'ன்னான். கொதிக்கக் கொதிக்க ஊத்தினானுங்கப்பா! போன வருசம் சர்வே துரை வந்தப்போ அவர் குதிர சேணத்துக்கே ஊத்தினானுங்களாம். நான் எம்மாத்திரம்?"

தேவசகாயம் தொட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டான்.

"கவுண்டனுக்கு மூணு மாசம் ஜெயில்" என்று கோதண்டபாணி சாவகாசமாகத் தொடர்ந்தான். "ஒரு கூத்து கேளு. கையில கயிறு கட்டி இழுத்தாறேன், அவன் பொண்டாட்டியப் பாத்து இன்னா சொல்றான் தெரியுமா? 'குப்பமேட்டுச் செடிக்கு ஆடு வராம பாத்துக்கோ, ஆம்பூர்க்காரன் வந்தா குடுத்துடு'ன்றான். செடிக்கு மூங்கில்ல வேலி வேற."

அன்றைக்குத் தொட்டியிலிருந்து ஏறியவன் கைகால்கூடச் சரியாகக் கழுவவில்லை. மறுநாள் விடிந்ததும் மலைக்கு நடந்தான்; வழியில் இரவு தங்கி, நேர்ப்பாதையில் அதற்கடுத்த காலையே மூங்கிலேரி சேர்ந்தான். இந்தத் தடவை முதுகில் ஒன்றுமில்லை. இடுப்பில்கூடத் தோல்வாருக்குப் பதில் கயிறு கட்டியிருந்தான்.

எல்லைக்கல்லில் யாரும் இல்லை. குப்பைமேட்டில் எல்லம்மா குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தாள். மூங்கில் தட்டிக்குள் விரல் நீளத்துக்கு, புளிய இலைபோலப் பொடிப்பொடி இலைகளோடு, செடிகள். பத்தல்ல. நூறு இருக்கும்.

"வந்துட்டியா!" என்றாள் அவள். உண்மையான சந்தோஷம். "வெந்நீ பட்டுதான் இதுக்கு வாய் தொறந்துது போல. கல்லு மாதிரி வெதயில்ல? எட்டாம் நாளே மொளைச்சுது. எங்க ஆளு மொத மொதல்ல பாத்துட்டு ஊரையே கூட்டிட்டாரு."

நேட்டாலில் தோட்டக்காரன் வெட்டின காட்டுக்குத் தீ வைப்பான். தீ எரிந்த இடத்தில்தான் கன்றுகள் புல் மாதிரி முளைக்கும். ஆறு வருஷம் அதைக் கண்ணால் பார்த்தவன் இவன். விதையைத் திருடுகிறவர்கள் யார் யார் என்று கண்காணித்ததில் இதை யோசிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

எல்லம்மா பத்துப் பன்னிரண்டு கன்றுகளை வேர் மண்ணோடு பெயர்த்து, மூங்கில் குழாய்களில் நட்டு, நாரால் கட்டி அவன் முன்னால் வைத்தாள்.

"சடையக் கவுண்டர..." என்று ஆரம்பித்தான்.

"எவனோ காட்டிக் குடுத்துட்டான்" என்றாள் அவள், அவன் முடிப்பதற்குள். "எவனோ இன்னா, என் கொழுந்தன்தான். அவனுக்கும் இவருக்கும் நெலத்தால பேச்சு இல்ல. ஊரே ஒதுக்கி வெச்சுட்டோம். அதோ, அந்தப் பாறையாண்ட குடிச போட்டுனுகீறான், பொண்டாட்டி புள்ளைங்களோட. யாரும் நெருப்பு குடுக்கறதில்ல, தண்ணி குடுக்கறதில்ல. நான் பண்ணலன்னு அழுவறான். பண்ணவன் எவன்தான் பண்ணேன்னுவான்?"

தேவசகாயம் பாறைப்பக்கம் பார்த்தான். ஒரு பெண் ஓடையிலிருந்து குடத்தோடு தனியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

"வெளியாளு யாராச்சும்..." என்று இழுத்தான்.

"வெளியாளு யாரு வந்தா இங்க? நீ ஒருத்தன் வந்தே." எல்லம்மா சிரித்தாள். "நீ எங்க வூட்டுல சோறு தின்னவன். உன்னப் போய் சந்தேகப்பட்டா எங்களுக்கு நாக்கு அழுவிப் பூடும். எடுத்துனு போ, வெயில் ஏறிச்சுன்னா செடி வாடிடும்."

உலகத்தில் ஒருவரையும் விடாமல் சந்தேகப்பட்டவனை, சந்தேகப்பட வேண்டிய இடத்தில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. கப்பலில் அடித்த புயல்கூட அவனை இப்படிப் புரட்டியதில்லை. காலடியில் மேஸ்திரி வேலை பச்சையாக இருந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு இறங்கவேண்டியதுதான். சடையன் மூன்று மாதத்தில் வந்துவிடுவான். கொழுந்தன் யாரோ எவனோ. இவன் இனி இந்த மலை ஏறவே வேண்டியதில்லை.

அவன் குனிந்தான். மூங்கில் குழாய்களைத் தூக்கி, அவள் கைகளில் திரும்ப வைத்தான்.

"பட்டைய சொன்னது நான்தாம்மா."

எல்லம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் இன்னொரு தடவை சொன்னான். காவலன் பெயரைச் சொன்னான், இடத்தைச் சொன்னான், எந்த ஓலைக்கு அடியில் எவ்வளவு பட்டை பார்த்தான் என்பதையும் சொன்னான். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பார்த்துக்கொண்டே கடைசிவரைக்கும் சொன்னான். அவள் குழாய்களை வேலிக்குள் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு, பாறையை நோக்கி ஓடினாள். ஓடும்போதே கொழுந்தன் பெயரைச் சொல்லிக் கூவினாள். அந்தக் குரலில் அழுகை இருந்தது.

குடிசையிலிருந்து ஒரு மனிதன் வெளியே வந்தான். ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருவன் கையில் அரிவாள் இருந்தது. விறகு வெட்டிக்கொண்டிருந்தவனாகவும் இருக்கலாம். மலை இறங்கும் பாதை தேவசகாயத்தின் முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடந்தது, தடுக்க ஆளில்லை. அவர்கள் என்ன நினைத்து வருகிறார்கள் என்று கணக்குப் போட அவன் புத்தி பழக்கத்தில் எழுந்தது. அவன் அதை அடக்கிவிட்டு, செடிகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தான்.